நமது ஜில்லாவின் அவரைக் குடும்பச் செடிகள்: அடையாளமும் கணக்கெடுப்பும்

கிராமத்து அடங்கலில் சாகுபடியான பயிர்கள் யாவும் சர்வே எண் வாரியாகப் பதியப்படுகின்றன. கொள்ளு இத்தனை ஏக்கர், தட்டைப்பயறு இத்தனை ஏக்கர் என்று எவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் தரிசு என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்பெறும் நிலத்தில் நிற்பன எவை என்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவற்றுள் சில, ஆகாயத்திலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பவை. சில, பஞ்சகாலத்தில் ஆடுமாடுகளின் உயிரைக் காப்பவை. வேறு சில, அதே ஆடுமாடுகளுக்கு நஞ்சாவன. இம்மூவகையும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதே கவனிக்கத்தக்கது. அக்குடும்பம் அவரைக் குடும்பம். இனம் அறியாமல் உழுது அழிப்பது பொருள் நஷ்டம். இனம் அறியாமல் அறுத்துத் தீவனமாக இடுவது மாட்டுக்கே கேடு. ஆதலால் 2009-ஆம் வருஷத்தில் தனி ஜில்லாவாக அமைந்த திருப்பூர் ஜில்லாவை எடுத்துக்கொண்டு, இக்குடும்பத்துச் செடிகளை அறிந்து கணக்கெடுக்கும் முறையை இங்கே விளக்குவோம்.

குடும்பத்தின் பொது அடையாளங்கள்

உலகில் பூக்கும் தாவரங்களின் குடும்பங்களுள் எண்ணிக்கையில் மூன்றாவது பெரியது இது. ஏறக்குறைய 20,000 இனங்கள் இதில் அடங்கும். தரையோடு படர்ந்த சிறுபுள்ளடியும், வானளாவிய வேங்கையும் ஒரே குடும்பம் என்றால் வியப்பாகத் தோன்றும். எனினும் நான்கு உறுப்புக்களைப் பார்த்தால் உறவு விளங்கும்.

முதலாவது, காய். ஒரே சூலிலையால் ஆனது. விதைகள் ஒரு விளிம்பில் மாத்திரம் வரிசையாக ஒட்டியிருக்கும். நடுவே தடுப்பு இராது. முற்றியபின் இரு விளிம்பிலும் வெடித்து இரண்டு ஓடாகப் பிரியும். அவரைக்காயை நகத்தால் பிளந்து பார்த்தவர் எவருக்கும் இது தெரியும். புளி, புங்கு, நிலக்கடலை ஆகியவை தாமாக வெடிப்பதில்லை. சிறுபுள்ளடியும் நெட்டியும் கணுக் கணுவாக முறிந்து விழும். ஆனால் இவற்றிலும் உள்ளமைப்பு ஒன்றேயாம்.

இரண்டாவது, பூ. பூவை வைத்து இக்குடும்பத்தை முன்னோர் மூன்று வகுப்பாகப் பிரித்தனர். தட்டைப்பயற்றின் பூவில் மேலே அகன்ற கொடியிதழ் ஒன்றும், பக்கங்களில் சிறகிதழ் இரண்டும், கீழே சேர்ந்து தோணிபோல் அமைந்த படகிதழ் இரண்டும் இருப்பதால், வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தாற்போலத் தோன்றும். இது பயற்று வகுப்பு. ஆவாரையிலும் சரக்கொன்றையிலும் ஐந்து இதழ்களும் ஏறக்குறைய ஒத்த அளவாய் விரிந்திருக்கும். இது கொன்றை வகுப்பு. கருவேலிலும் வாகையிலும் தனிப்பூ மிகச் சிறியது. பல பூக்கள் உருண்டையாகவோ கதிராகவோ திரண்டு, இதழ்களைக் காட்டிலும் மகரந்தத் தாள்களே பஞ்சுபோல் வெளியே தோன்றும். இது வேல வகுப்பு. 2017-ஆம் வருஷத்தில் உலகத் தாவர நூலோர் கூடி இக்குடும்பத்தை ஆறு உட்குடும்பங்களாக மாற்றி வகுத்தனர். அதன்படி வேல வகுப்பு கொன்றை வகுப்பினுள் அடங்குகின்றது. புளி தனியே வேறோர் உட்குடும்பத்திற் சேர்கின்றது. எனினும் வயலில் நின்று செடியை அறிவதற்குப் பழைய மூன்று வகுப்பே போதுமானது.

மூன்றாவது, இலை. பெரும்பாலும் கூட்டிலை, தட்டைப்பயற்றில் மூன்று சிற்றிலை, கொழிஞ்சியில் சிறகுபோல் பல சிற்றிலை, கருவேலில் சிறகுக்குள் சிறகு. இலைக்காம்பின் அடியில் சிறு வீக்கம் காணப்படும். புளியும் வாகையும் தூங்குமூஞ்சி மரமும் மாலையில் இலை கூம்புவது இவ்வீக்கத்தின் செயலால் ஆகும்.

நான்காவது, வேர். விவசாயிக்கு இதுவே முதன்மையானது. இதைப் பின்னர்த் தனியே கூறுவோம்.

பெயரை நம்பி ஏமாறலாகாது

செடிகளின் பெயரை ஊரில் முதியோரிடம் கேட்டெழுதுதல் இன்றியமையாதது. ஆனால் பெயர் மாத்திரம் குடும்பத்தைக் காட்டாது. அகத்தியும் சிற்றகத்தியும் மணிலா அகத்தியும் பயற்று வகுப்பு, மண்ணை வளப்படுத்துபவை. சீமையகத்தி என்னும் வண்டுகொல்லியோ கொன்றை வகுப்பு. அதன் வேரில் முடிச்சு உண்டாவதில்லை. கல்யாணமுருங்கை இக்குடும்பம், முருங்கை வேறு குடும்பம், அதன் காய் மூன்று பிளவாக வெடிக்கும். செப்பு நெருஞ்சில் இக்குடும்பம்; காலில் தைக்கும் நெருஞ்சில் வேறு குடும்பம். செப்பு நெருஞ்சில் தரையோடு தட்டையாகப் படர்ந்து, ஒரு காம்பில் 7 அல்லது 9 சிற்றிலைகளுடன், செந்நிறச் சிறு பூக்கள் நெருங்கிப் பூக்கும். நெருஞ்சிலோ மஞ்சள் நிறத் தனிப்பூ உடையது. காயில் முள் உண்டு.

இன்னும் சில செடிகள் தோற்றத்தால் மயக்கும். நாய்வேளையில் 3 முதல் 5 வரை சிற்றிலைகளும் நீண்ட மெல்லிய காயும் உண்டு. ஆனால் பூவில் இதழ்கள் நான்கே. காய் வெடித்தபின் நடுவே ஒரு சட்டம் எஞ்சி நிற்கும். கீழாநெல்லியின் இலை கூட்டிலைபோல் தோன்றி இரவில் கூம்பும். அதன் காய் இலைகளின் கீழே சிறு உருண்டையாகத் தொங்கும். ஐயம் தோன்றும்போது காயைப் பிளந்து பார்த்தலே தீர்ப்பாகும்.

வேரைத் தோண்டிப் பார்த்தல்

பயறு விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிப்பதைப் பண்டைக்காலமுதல் உழவர் அறிவர். அதன் காரணத்தை 1886 முதல் 1888 வரையில் ஜெர்மனி தேசத்து ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இருவர் சோதனை மூலம் நிலைநாட்டினர். இச்செடிகளின் வேர்முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரைச் சத்தை அளிக்கின்றது. அந்நுண்ணுயிரை 1888-இல் ஹாலந்து தேசத்து பெயரிங்க் தனியே பிரித்தெடுத்தார்.

ஆயினும் இக்குடும்பத்தில் பிறந்த எல்லாச் செடிகளும் இத்தொழிலைச் செய்வன அல்ல. பயற்று வகுப்பிலும் வேல வகுப்பிலும் பெரும்பாலானவை செய்கின்றன. கொன்றை வகுப்பில் ஆவாரை, சரக்கொன்றை, ஊசித்தகரை, மயிற்கொன்றை முதலியன செய்வதில்லை, புளியும் அப்படியே. ஆவாரந்தழையை வயலில் மிதிப்பது வீண் என்று இதற்குப் பொருளன்று. பச்சைத் தழை ஒரு டன்னில் ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ வரை நைட்ரஜன் உண்டு. இது சுமார் 10 கிலோ யூரியாவுக்குச் சமம். ஆனால் ஆவாரை அதனைப் புறம்போக்கு மண்ணிலிருந்து எடுத்து நமது வயலுக்குக் கொணர்கின்றது. கொழிஞ்சியோ பெரும்பகுதியைக் காற்றிலிருந்து எடுக்கின்றது. முன்னதை ஆண்டுதோறும் வெட்டினால் புறம்போக்கு இளைக்கும். பின்னதை வளர்த்தால் நிற்கும் நிலமும் வளம் பெறும். இவ்வேறுபாட்டை இலையைப் பார்த்து அறிய இயலாது. வேரைப் பார்த்தே அறிய வேண்டும்.

அதற்கு முறை வருமாறு. முளைத்த 30 முதல் 40 நாள் ஆன செடியை, மண் ஈரமாயுள்ளபோது, மண்வெட்டியால் சுற்றிலும் ஒரு சாண் ஆழம் வெட்டிக் கட்டியோடு எடுக்க வேண்டும். பிடுங்கினால் முடிச்சுக்கள் மண்ணிலேயே தங்கிவிடும். கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல அலசுக. முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் தனியே வந்துவிடும். வேரே பருத்து, தேய்த்தாலும் பிரியாமல் இருந்தால் அது நூற்புழுவால் உண்டான நோய். பின்னர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்க்க. உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால் தொழில் நடைபெறுகின்றது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடைபெறவில்லை.

இச்சோதனையால் மற்றொரு நன்மையும் உண்டு. கொழிஞ்சி, அவுரி, நரிப்பயறு ஆகிய தரிசுச் செடிகளுடன் கூடி வாழும் நுண்ணுயிர் வகையே தட்டைப்பயறு, உளுந்து, பச்சைப்பயறு, கொள்ளு, துவரை, நிலக்கடலை, சணப்பை ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்துவது. ஆகவே தரிசில் நிற்கும் கொழிஞ்சியின் வேரில் சிவந்த முடிச்சுக்கள் நிறைந்திருப்பின், அந்நிலத்தில் பயறு விதைக்கலாம் என்பதற்கு மண்ணே சாட்சி சொல்லுகின்றது. கொண்டைக்கடலை, குதிரைமசால், சோயா மொச்சை ஆகியவற்றுக்கு வெவ்வேறு நுண்ணுயிர் வகை வேண்டும். அவற்றை ஒரு நிலத்தில் முதன்முறை விதைப்போர் அவ்வவற்றுக்குரிய ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைப்பது அவசியம்.

நிலவகை வாரியாகச் செடிகள்

நமது ஜில்லாவைக் கணக்கெடுப்பதற்கு ஐந்து நிலவகைகளாகப் பிரித்துக்கொள்வது வசதி.

1. கொறங்காடு. காங்கயம், தாராபுரம் தாலுகாக்களின் செம்மண் சரளை நிலங்களில் கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் குடியானவர்கள் வழிவழியாகப் பேணிவரும் மேய்ச்சல் நிலமே கொறங்காடு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் சிறப்பாக வளர்த்துப் புகழ்பெற்ற காங்கயம் மாட்டுக்கு இதுவே தாய்வீடு. இங்கே புல் வயிற்றை நிரப்பும்; பயற்றினச் செடிகள் புரதம் அளிக்கும். நரிப்பயறு மூன்று சிற்றிலைகளோடு படரும். ஒவ்வொரு சிற்றிலையும் மும்மடலாக வெட்டுண்டிருக்கும். பூ சிறியது, மஞ்சள் நிறம். உதிர்ந்த விதையிலிருந்து அடுத்த மழைக்குத் தானே முளைக்கும். இதனோடு செப்பு நெருஞ்சிலும், வேலியிற் படரும் சங்குபுஷ்பமும் இங்கே தேடத்தக்கவை.

இந்நிலத்தில் மூன்று முள்மரங்களைப் பிரித்தறிதல் மிக முக்கியம். வெள்வேலின் பட்டை வெளிறியது. வெண்ணிறக் கலப்புள்ள பூவுருண்டைகள் கிளைத்த கொத்தாக மரத்தின் நுனியில் தோன்றும். காய் தட்டையாய், மெல்லியதாய், வளைந்திருக்கும். கோடையில் புல் காய்ந்தபோது இதன் நெற்றே ஆடுமாடுகளுக்கு ஆதரவு. கருவேலின் பட்டை கறுத்து வெடித்திருக்கும், பூவுருண்டை பொன்மஞ்சள், காய் ஒவ்வொரு விதைக்கும் இடையே இறுகி மணிமாலைபோல் இருக்கும். சீமைக்கருவேலில் பூ உருண்டையாக இராது. விரல் நீளக் கதிராகத் தொங்கும். காய் மஞ்சள் நிறமாய், சதைப்பற்றுடன், இனிப்பாக இருக்கும்.

சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்து மரம். 1877-ஆம் வருஷத்தையொட்டிச் சென்னை மாகாணத்தில் விறகுக்காகக் கொணர்ந்து கடப்பைப் பகுதியில் நடப்பட்டது. இதுவும் அவரைக் குடும்பமே. இதன் வேரிலும் முடிச்சு உண்டு. ஆனால் குடும்பத்தை எண்ணி இதனை விட்டுவைக்கலாகாது. மாடு தின்ற காயின் விதை சாணத்தோடு வெளிவந்து கொறங்காடெங்கும் முளைக்கின்றது. அடர்ந்த நிழலில் கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும் இல்லாமற் போகின்றன. கன்றாயிருக்கும்போதே வேரோடு தோண்டுவது எளிது. வெட்டிய அடிமரம் மறுபடியும் தழைக்கும். அவ்வாறு தோண்டும் வேலையாட்கள் வெள்வேலங்கன்றையும் சேர்த்து அழித்துவிடாதிருக்க, முன்னதாக மூன்றையும் அவர்களுக்குக் காட்டித்தர வேண்டும். கன்றில் பூவும் காயும் இராமையால் இலையைப் பார்க்க: சீமைக்கருவேலின் இலையில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு இணைச் சிறகே உண்டு, வெள்வேலில் பல இணைகள் இருக்கும்.

2. மானாவாரிக் காடு. பல்லடம், உடுமலைப்பேட்டைத் தாலுகாக்களின் கரிசல் நிலத்திலும் அவிநாசிப் பக்கத்துச் செம்மண் நிலத்திலும் சோளத்துடன் தட்டைப்பயறு, துவரை, மொச்சை, கொள்ளு ஆகியவை விதைக்கப்படுவன. இங்கே வரப்போரத்துச் செடியாகிய கொழிஞ்சியையும் அவுரியையும் பிரித்தறிய எளிய வழியொன்று உண்டு. கொழிஞ்சியின் சிற்றிலையை நுனியைப் பிடித்து இழுத்தால், நரம்பின் வழியே கிழிந்து அம்புமுனைபோல் பிரியும். அவுரியின் சிற்றிலை அவ்வாறு பிரியாது. உலர்ந்தால் நீலங்கலந்த கருநிறமாகும். கொழிஞ்சியைப் பச்சையாக மாடு விரும்புவதில்லை; ஆகையால் வேலியில்லாத நிலத்திலும் இதனைப் பசுந்தாளாக வளர்க்கலாம். விதையின் தோல் கடினமானது. விதைப்பதற்கு முன் மணலுடன் கலந்து மெல்லத் தேய்த்துக்கொண்டால் சீராக முளைக்கும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். ஒருமுறை நிலத்தில் ஊன்றிவிட்டால் உதிர்ந்த விதையே பின்வரும் வருஷங்களிலும் முளைக்கும்.

உளுந்தையும் பச்சைப்பயற்றையும் செடிநிலையில் மயங்குவோர் காயைப் பார்க்க. உளுந்தின் காய் குட்டையாய், மயிர் அடர்ந்து, நிமிர்ந்து நிற்கும். பச்சைப்பயற்றின் காய் நீண்டு, பக்கவாட்டில் விரிந்திருக்கும்.

3. தோட்டக்கால். கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் அகத்தி, கல்யாணமுருங்கை, கிளைரிசிடியா, புங்கு ஆகியவை வரப்பிலும் வேலியிலும் நிற்பவை. கிளைரிசிடியா நடு அமெரிக்க நாட்டிலிருந்து வந்தது. போத்து நட்டாலே வேர்விடும். இலையுதிர்த்த கிளையில் இளஞ்சிவப்புப் பூக்கள் நிறைந்து பூக்கும். இதனை ஆண்டில் இரண்டு மூன்று முறை கழித்துத் தழை எடுக்கலாம். இவை நான்கும் வேர்முடிச்சு உடையவை. பசுந்தீவனமாக விதைக்கும் குதிரைமசால், வேலிமசால், முயல்மசால் ஆகியவையும் இக்குடும்பத்தனவே.

4. நன்செய். அமராவதிப் பாசனத்து மடத்துக்குளம், தாராபுரம் வயல்களில் தக்கைப்பூண்டும் மணிலா அகத்தியும் பசுந்தாளாக விதைக்கப்படுகின்றன. தக்கைப்பூண்டின் தண்டிலும் இலைக்காம்பிலும் சிறு முட்கள் உண்டு, சிற்றகத்தியில் இல்லை, அது சில வருஷங்கள் நின்று சிறுமரமாகும். மணிலா அகத்தி மேற்கு ஆப்பிரிக்கச் செடி. இதன் தண்டிலேயே முடிச்சுக்கள் வரிசையாகத் தோன்றும். நீர் தேங்கிய வயலில் வேர்முடிச்சு தளர்ந்தாலும் தண்டு முடிச்சு தொழில் செய்யும். குளத்தில் வளரும் நெட்டியிலும் இவ்வாறே தண்டு முடிச்சுக் காணலாம். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாள் கழிந்து பூக்கத் தொடங்கும் தருணத்தில் மடக்கி உழவேண்டும். முற்றவிட்டால் தண்டு நாராகி, மண்ணில் மட்கத் தாமதமாகும்.

5. மலையடிவாரம். உடுமலைப்பேட்டைத் தாலுகாவின் தெற்கே ஆனைமலைத் தொடர் உள்ளது. வேங்கை, தோதகத்தி, சீகைக்காய், குன்றிமணி, பூனைக்காலி முதலியவை அங்கே உண்டு. வேங்கையின் பட்டையைக் கீறினால் செங்குருதி போன்ற பிசின் வடியும். காய் வட்டமாய்ச் சுற்றிலும் இறகுடையது. இம்மலைகளின் தாவரங்களை வனத்துறையைச் சேர்ந்த ஃபிஷர் ஆராய்ந்து 1921-இல் வெளியிட்டார். அந்நாளில் இப்பகுதி கோயம்புத்தூர் ஜில்லாவுக்குட்பட்டிருந்தது. 2007-ஆம் வருஷத்தில் ஆனைமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபடியால், வன எல்லைக்குள் வனத்துறையின் அனுமதியின்றி ஒரு கிளையும் ஒடித்தலாகாது. நமது கணக்கெடுப்பு பட்டா நிலத்தோடும் கிராமப் பொது நிலத்தோடும் நிற்றலே முறை.

நஞ்சுடையவை

பயற்றினம் என்றால் தீவனம் என்று எண்ணுவது அபாயம். கிளுகிளுப்பை என்னும் பெயர் பல செடிகளுக்கு வழங்குகின்றது. யாவும் உப்பிய காயை உடையவை. முற்றிய காயை ஆட்டினால் விதை கிளுகிளுவென ஒலிக்கும். மஞ்சட்பூவும் நுனியில் பிளவுபட்ட இலையும் உடையது ஒன்று. ஊதாப்பூவும் கோணமுள்ள தண்டும் உடையது மற்றொன்று. சணப்பை இவற்றுக்கு நெருங்கிய உறவு. ஆனால் சணப்பையின் இலை குறுகி நீண்டது, காய் மென்மயிர் போர்த்தது. காட்டுக் கிளுகிளுப்பைகளின் விதை தீவனத்தில் கலந்தால் மாட்டின் ஈரல் கெடும். கேடு உடனே தோன்றாமல் நாட்பட்டுத் தோன்றுவதால் காரணம் புலப்படுவதில்லை. ஆகையால் சணப்பை விதை வாங்கும்போது இவற்றின் கலப்பு உண்டா என்று ஒரு முறத்தில் பரப்பிப் பார்த்தல் வேண்டும்.

பேயாவிரையின் விதையும் கால்நடைகளுக்கு நஞ்சு. அறுவடைக் காலத்தில் சோளத்தட்டுடன் சேர்த்துக் கட்டப்படாமல் முன்னரே களைந்துவிட வேண்டும். குன்றிமணியின் அழகைக் கண்டு குழந்தைகள் வாயிலிடாதபடி காக்க வேண்டும். உடைந்த விதை உயிருக்கே ஆபத்தானது. சூபாபுல் என்னும் சவுண்டல் தழை நல்ல தீவனமாயினும், தனித்து மிகுதியாக இட்டால் மயிர் உதிர்தல் முதலிய கோளாறுகள் நேரும். மற்றத் தீவனத்துடன் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கலந்து கொடுக்க.

கணக்கெடுக்கும் முறை

ஒரு கிராமத்துக்கு ஒரு குறிப்புப் புத்தகமும் பழைய செய்தித்தாள் ஒரு கட்டும் இரண்டு பலகையும் போதும். கிராம வரைபடத்தில் மேற்கூறிய நிலவகைகளை முதலில் குறித்துக்கொள்க. ஒரே முறை சென்று பார்த்தால் பாதிச் செடிகள் தப்பிப் போகும். ஆடி, ஆவணியில் ஒருமுறையும், ஐப்பசி முதல் மார்கழிக்குள் ஒருமுறையும், மரங்கள் பூக்கும் பங்குனி, சித்திரையில் ஒருமுறையும் செல்லுதல் வேண்டும். நரிப்பயறு போன்ற சிறு செடிகள் மழைக்குப் பின் சில வாரங்களே தோன்றுவன.

மாதிரி எடுக்கும்போது இலை, பூ, காய் மூன்றும் உள்ள கிளையாக எடுக்க. சிறு செடியாயின் வேரோடு எடுக்க. பூவில்லாத மாதிரியைக் கொண்டு இனத்தை உறுதி செய்வது அரிது. தாளின் நடுவே விரித்து, பலகைகளுக்கிடையே இறுக்கி, ஒரு வாரம் நாள்தோறும் தாள் மாற்றி உலர்த்துக. மாற்றாவிடில் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொன்றுடனும் ஒரு சீட்டு இணைத்து, அதில் தேதி, சர்வே எண், மண்வகை, ஊர்ப்பெயர், செடியின் உயரம், பூவின் நிறம், வேர்முடிச்சு இருந்ததா, அதன் உள்நிறம் யாது, ஆடுமாடு தின்கின்றதா என்னும் விவரங்களை எழுதுக. உலர்ந்தபின் பூவின் நிறம் மாறிவிடுமாகையால் அதனை நிலத்தில் நின்றபடியே எழுதிவிட வேண்டும். இனம் விளங்காத மாதிரிகளைக் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கோ, அதே நகரத்தில் இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் வசமுள்ள உலர்தாவரக் களஞ்சியத்துக்கோ எடுத்துச் சென்று ஒப்பிட்டு அறியலாம்.

செடி உண்டு, இல்லை என்பதோடு எவ்வளவு உண்டு என்பதும் தெரியவேண்டும். அதற்கு மூங்கில் சிம்பு நான்கினால் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் கட்டிக்கொண்டு, கொறங்காட்டில் மூலைக்கு மூலை நடந்து, பத்து இடங்களில் கண்ணை மூடி எறிந்தாற்போல வைத்து, ஒவ்வொன்றிலும் பயற்றினச் செடிகளை எண்ணுக. உதாரணமாக, பத்தில் ஏழு இடங்களில் நரிப்பயறு இருந்து, அடுத்த வருஷம் அதே காலத்தில் மூன்று இடங்களிலேயே இருப்பின், மேய்ச்சல் மிகுதியாயிற்று அல்லது நிழல் மிகுந்தது என்று பொருள். காடு பச்சையாய்த் தோன்றினாலும் அதன் சத்து குறைந்துவிட்டது என்பதை இவ்வெண் முன்னதாகவே அறிவிக்கும். அப்போது ஒரு பகுதியை அடைத்து, விதை முற்றி உதிரும் வரையில் மேய்க்காமல் விடுவதே பரிகாரம்.

கணக்கின் பயன்

இவ்வாறு எழுதிய கணக்கால் ஒரு கிராமம் அறியக்கூடியவை பல: பசுந்தாள் விதை எந்த வரப்பில் செலவின்றிச் சேகரிக்கலாம், எத்தரிசில் பயறு முதல் விதைப்பிலேயே பலிக்கும், எந்த வேலியோரம் கன்றுகளை விடலாகாது, எவ்விடத்தில் சீமைக்கருவேல் புதிதாகக் கால்வைத்துள்ளது என்பன. கொறங்காடு ஒன்றை உழுது வேறு பயனுக்கு மாற்ற எண்ணும் மிராசுதாரரும், முதலில் அதில் நிற்பன எவை என்று பார்த்தபின் முடிவு செய்யலாம். ஒருமுறை உழுத கொறங்காட்டில் புல்லும் நரிப்பயறும் வெள்வேலும் மீண்டும் கூடி நிலைபெறப் பல வருஷங்கள் ஆகும்.

கொழிஞ்சிக்கும் அவுரிக்கும் வேற்றுமை தெரிந்த ஆட்டுக்காரர்களும் மூதாட்டிமாரும் ஒவ்வொரு சிற்றூரிலும் இன்னும் இருக்கின்றனர். கிராம அதிகாரிகளும் பள்ளி ஆசிரியர்களும் அவர்களை உடன் அழைத்துக்கொண்டு முதல் நடையைத் தொடங்குவது நலம். வரும் ஐப்பசி மழை பெய்து பதினைந்து நாள் கழிந்ததும், ஒரு மண்வெட்டியும் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்துச் சென்று, தத்தம் நிலத்தில் முதலில் காணும் கொழிஞ்சியின் வேரை அலசிப் பார்க்குமாறு குடியானவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.